அருளோட அம்மா காதில் விழுந்த கட்டளை

பட்டாளத்துல சடங்குக் காவல் வேலைக்குப் புதுசா போகப்போறவங்க நாலஞ்சு பேர் சேர்ந்து, "சார், உங்க அனுபவத்துல இருந்து எங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க"ன்னு கேட்டிருக்கீங்க. எழுதறேன். ஆனா பூட்ஸுக்குப் பாலிஷ் எப்படிப் போடறது, இடுப்புத் துணியை எத்தனை சுத்து சுத்தறது, விருந்தாளி வர்றப்ப எத்தனாவது அடியில நிக்கறதுன்னு என்கிட்ட கேக்காதீங்க. அதுக்கெல்லாம் உங்களுக்குப் பயிற்சி குடுக்கற உஸ்தாத் இருக்காரு. என்னைவிட நல்லாவே சொல்லிக் குடுப்பாரு, தப்புப் பண்ணா மைதானத்தைச் சுத்தி ஓடவும் விடுவாரு. நான் எழுதப் போறது நான் பண்ண ஒரு தப்பைப் பத்தி. கட்டாயம் படிங்க. ஏன்னா இந்தத் தப்பை நீங்களும் பண்ணுவீங்க, அதுவும் தமிழ்நாட்டுல ட்யூட்டி விழுந்தா நிச்சயமா பண்ணுவீங்க.

முதல்ல என் குரலைப் பத்திச் சொல்லிடணும். இப்ப நான் ஆரணியில தம்பியோட பட்டுக் கடையில உக்காந்துகினு இதை எழுதறேன். ரிட்டயர் ஆனப்புறம் எனக்கு இங்க வேலைன்னு ஒண்ணும் கிடையாது. டீ குடிப்பேன், பேப்பர் படிப்பேன், தறிக்காரங்க சேலை கொண்டாந்தா நாலு வார்த்தை பேசுவேன். சந்தோஷமா இருக்கேன். போன வாரம் கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்தாங்க. மரியாதைக்கு "வாங்க, வாங்க!"ன்னேன். பொண்ணோட அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. பிரிச்சுப் பாத்துகினு இருந்த சேலையைக் கீழ போட்டுட்டாங்க. "அண்ணா, நீ உள்ள போயி உக்காரேன், வியாபாரம் பேஜாராயிடும் போலகீது"ன்னு தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். அப்படிப்பட்ட குரல்.

அந்தக் குரலுக்காகத்தான் என்னை டெல்லிக்கு எடுத்தாங்க. வெளிநாட்டுத் தலைவருங்க வந்து இறங்கறப்ப அணிவகுப்பு மரியாதை குடுக்கற காவல் படையில நான் கேப்டன். அடிவயித்துல இருந்து ஒரு கட்டளை குடுத்தேன்னா மைதானத்தோட அந்தக் கோடியில நிக்கறவன் முதுகும் நிமிரும். எனக்கு ஏகப்பட்ட பெருமை. ராத்திரி வீட்டுக்குப் போயி கண்ணாடி முன்னாடி நின்னு கட்டளை குடுத்துப் பாப்பேன். "பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவுது, வாயை மூடுங்க"ன்னு என் வீட்டுக்காரம்மா திட்டுவாங்க.

ஒருநாள் ஒரு பெரிய விருந்தாளிக்கு மரியாதை குடுக்கற நேரம். நான் வாயைத் திறக்கறேன், சரியா தலைக்கு மேல ஒரு ஹெலிகாப்டர். ஆனாலும் என் ஆளுங்க நூலு பிடிச்ச மாதிரி துப்பாக்கியைத் தூக்கினாங்க, ஒரு இம்மி பிசகல. பாத்தியா, ஹெலிகாப்டரையே மிஞ்சிட்டேன்னு நெஞ்சை நிமித்திகிட்டு வந்தேன். சாயங்காலம் எங்க உஸ்தாத், சுபேதார், தலை நரைச்ச மனுஷன், மெதுவா சொன்னாரு: "சாப், இன்னைக்கு உங்க குரல் ஒருத்தனுக்கும் கேக்கல. வலது கோடியில நிக்கறவன் மூச்சை இழுத்தான். அதை வச்சு மத்தவங்க செஞ்சாங்க."

ரெண்டு நாள் நான் அவரோட பேசல. மூணாம் நாள் போயி, "அதை எனக்கும் கத்துக் குடுங்க"ன்னு கேட்டேன். சிரிச்சாரு, கத்துக் குடுத்தாரு. ஒரு வார்த்தை பேசாம, வலது கோடிக்காரன் மூச்சை வச்சே படை முழுக்க அசையற வித்தை. வேடிக்கைக்குன்னுதான் அப்ப கத்துகிட்டேன்.

அப்புறம் மேஜரா தெற்க வந்தேன். ஒருநாள் பெரணமல்லூர் பக்கத்து கிராமத்துல இருந்து பட்டாளத்துக்குப் போன ஒரு பையன், பேரு அருள், வடக்க மலைப் பாதையில வண்டி உருண்டு இறந்துட்டான்னு செய்தி. கிறிஸ்தவக் குடும்பம். அப்பா இல்ல. அம்மாவும் தாய்மாமனும் மட்டும். கல்யாணமும் ஆகல. உடம்பு விமானத்துல வருது, துணைக்கு அவன் கூட இருந்த ஒரு ஜவானும் வர்றான், மரியாதையோட அடக்கம் பண்ணணும். "நீ ஆரணிக்காரன்தானே, நீயே போ"ன்னு சொன்னாங்க. எட்டு ஜவான், ஒரு ஹவில்தார், பிகில் ஊதறவன் ஒருத்தன், மலர்வளையம் வைக்க ஒரு கர்னல்.

அங்க கட்டளை குடுக்க வேண்டியது ஹவில்தார். மேஜர் குடுக்கணும்னு ஒரு அவசியமும் இல்ல. நான்தான், "என் ஊர்ப் பக்கத்துப் பையன், நானே குடுக்கறேன்"ன்னு எடுத்துகிட்டேன். அதுல பாசம் பாதி, என் குரல் மேல இருந்த கர்வம் பாதி. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

சர்ச்சுல ஜெபம் முடிச்சு, பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டாந்து குழி பக்கத்துல வச்சாச்சு. பகல் ரெண்டு மணி, சுளீர்னு வெயில். ஊரே கூடியிருக்கு. பெட்டி மூடி சீல் வச்சது, மேல தேசியக் கொடி. அருளோட அம்மா தரையில உக்காந்து பெட்டி மேல கன்னத்தை வச்சிருந்தாங்க. அழல. ஒரு பொட்டுத் தண்ணி இல்ல கண்ணுல. பக்கத்துல பொம்பளைங்க அழறப்ப இவங்க மட்டும் ஏதோ யோசனையில இருக்கற மாதிரி இருந்தாங்க. அது எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். உறைக்கல. நான் என் எட்டுப் பேரோட வரிசை நேரா இருக்கான்னு பாத்துகினு இருந்தேன்.

பாஸ்டர் தலையசைச்சாரு. நான் மூச்சை இழுத்து, அடிவயித்துல இருந்து முதல் கட்டளையைக் குடுத்தேன்.

"சாவ்...தான்!"

எட்டு ஜோடி பூட்ஸ் ஒண்ணா மோதுச்சு. அருமையான சத்தம். அதுக்கு மேல ஒரு அலறல்.

"யார்ரா அது? சாவுதான்னு சொன்னது யார்ரா?"

அந்தம்மா எழுந்து நிக்கறாங்க. தலை அவுந்து கிடக்குது. விரல் நேரா என்னைக் காட்டுது. "இன்னா தைரியம் உனக்கு? என் புள்ளைக்கு அடிபட்டுகீது, ஆஸ்பத்திரில கீறான்னு தானே சொன்னாங்க? இது யாரு பொட்டியோ! நீ யாரு சாவுதான்னு சொல்றதுக்கு?"

தம்பிங்களா, தங்கச்சிங்களா, அந்த வார்த்தைக்கு நானும் சிரிச்சவன்தான். ஆரணி ஸ்கூல் மைதானத்துல என்.சி.சி.யில முதல் நாள் மாஸ்டர் "சாவ்தான்"னு கத்தினதும், "யாருக்குடா சாவு?"ன்னு நாங்க விழுந்து விழுந்து சிரிச்சிருக்கோம். பட்டாளத்துல சேந்த எந்தத் தமிழ்ப் பையனைக் கேட்டாலும் இதைச் சொல்லுவான். ஆனா இருபது வருஷம் தினமும் கேட்டுக் கேட்டு என் காது மரத்துப் போச்சு. எனக்கு அது நேரா நில்லுங்கற வார்த்தை, அவ்ளோதான். ஒரு தமிழ் ஊர்ல, ஒரு தாய் முன்னாடி, பிள்ளையோட பெட்டி பக்கத்துல நின்னு அதைக் கத்தினா என்னவா கேக்கும்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல.

அந்தம்மாவுக்கு ஒருத்தரும் விஷயத்தைச் சொல்லலைன்னு பாஸ்டர் என் காதோரம் அப்பதான் சொன்னாரு. சொன்னா தாங்க மாட்டாங்கன்னு, அடி பட்டிருக்கு, கொண்டாந்துகினு இருக்காங்கன்னு மூணு நாளா பூசி மெழுகியிருக்காங்க. பெட்டி வந்ததும் தானா புரிஞ்சிக்குவாங்கன்னு எல்லாரும் நினைச்சாங்க. பெட்டி மேல கன்னத்தை வச்சும் அவங்க மனசு அதை ஏத்துக்கல. ஊரே சொல்லப் பயந்த வார்த்தையை நான் வந்து அடிவயித்துல இருந்து கத்திச் சொல்லிட்டேன்.

அடுத்த தப்பு அதைவிட மோசம். பதட்டத்துல ஓடிப்போயி, "இல்லம்மா, இல்லம்மா, அது இந்தி வார்த்தை, அது சாவு இல்லம்மா"ன்னேன்.

அந்த மூஞ்சியை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அப்படியே வெளிச்சம் போட்ட மாதிரி மாறிச்சு. என் ரெண்டு கையையும் பிடிச்சுகிட்டாங்க. "சாவு இல்லியா? அப்ப என் புள்ள உசுரோட கீறானா சார்?"

இதுக்கு எந்தப் பயிற்சியிலயும் பாடம் கிடையாது.

அதுக்குள்ள தாய்மாமன் என் தோளைத் தொட்டாரு. நல்ல மனுஷன், தறி ஓட்டறவரு, அவரும் அழுது அழுது கண்ணு வீங்கிக் கிடக்காரு. "சார், அக்காவை நாங்க நாலு பேரு வூட்டுக்குத் தூக்கிகினு பூடறோம். நீங்க ஜல்தியா முடிச்சிடுங்க. இல்லாட்டி இது முடியாது."

பின்னாடி கர்னல் நிக்கறாரு. வடநாட்டுக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என்ன தாமதம்னு கண்ணால கேக்கறாரு. தாசில்தார் வாட்சைப் பாக்கறாரு. எட்டுப் பேரு வெயில்ல விறைப்பா நிக்கறாங்க. மாமன் சொன்னது சுலபமான வழி. பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு ஜீப் ஏறியிருக்கலாம். உண்மையைச் சொல்றேன், சரின்னு சொல்ல வாயைத் திறந்துட்டேன்.

ஆனா அந்தக் கை ரெண்டும் என் கையை விடல. இவங்களை இப்படியே தூக்கிட்டுப் போனா, மிச்ச வாழ்நாள் முழுக்க வாசல்லயே உக்காந்திருப்பாங்க, பிள்ளை வருவான்னு. சாவு இல்லன்னு பட்டாளத்து ஆபீசரே சொன்னாருன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருப்பாங்க. நான்தான் அந்த ஆபீசர்.

கர்னல்கிட்ட போயி ரெண்டே வரியில சொன்னேன். நம்ம கட்டளை தமிழ்ல சாவுன்னு அர்த்தம் ஆகுது சார், அந்தம்மாவுக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லல. அவர் முகம் சுண்டிப்போச்சு. "எவ்வளவு நேரம் வேணும்?"னு கேட்டாரு. "தெரியாது சார்"னேன். ஒரு நொடி என்னையே பாத்தாரு. அப்புறம் தொப்பியைக் கழட்டிக் கக்கத்துல வச்சுகிட்டு, "போ"ன்னாரு. ஆளுங்களை நிழலுக்குப் போகச் சொன்னதும் அவர்தான். அந்த மனுஷன் அன்னைக்கு வேற மாதிரி பேசியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது. நீங்க நாளைக்குப் பெரிய பதவிக்கு வந்தா இதை ஞாபகம் வச்சுக்குங்க. கீழ இருக்கறவன் தெரியாதுன்னு சொல்றப்ப போன்னு சொல்ற ஆளு வேணும்.

நான் தொப்பியைக் கழட்டி வச்சுட்டு, அந்தம்மா பக்கத்துல மண்ணுல உக்காந்தேன். உடுப்பு, வெள்ளைக் கையுறை, எல்லாம் செம்மண்ணு. "அம்மா, நான் தப்பா சொல்லிட்டேன். அந்த வார்த்தைக்குத்தான் சாவுன்னு அர்த்தம் இல்ல. அருள் இறந்துட்டான்மா."

"நீ பாத்தியா?"

"நான் பாக்கல. பெட்டியோட வந்திருக்கானே, அந்த ஜவான் பாத்தான். அருள் கூட ஒரே ரூம்ல இருந்தவன். அவன்தான் துடைச்சு, யூனிஃபார்ம் போட்டு விட்டான்."

அந்த ஜவான் மலையாளத்துக்காரன். பேசறது புரிஞ்சிருக்கும் போல, கிட்ட வந்து முட்டி போட்டு உக்காந்தான். அந்தம்மா அவனையே பாத்தாங்க. "கழுத்துக்குப் பின்னால மச்சம் இருந்துதா?"ன்னு கேட்டாங்க. "உண்டு அம்மா"ன்னான்.

அந்தம்மா பெட்டி மேல கையை வச்சாங்க. எனக்கு ஒரு இடத்துல வாயை மூடிகினு இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு என் வீட்டுக்காரம்மாவைக் கேட்டா சொல்லுவாங்க. ஆனா அன்னைக்கு இருந்தேன்.

அப்புறம் கேட்டாங்க: "நீ கத்துனியே, அதுக்கு இன்னா அர்த்தம்?"

"நேரா நிக்கணும்னு அர்த்தம்மா. அதைச் சொன்னா பட்டாளத்துல எல்லாரும் நேரா நிப்பாங்க."

"அருளும் நிப்பானா?"

"தினமும் நிப்பான்மா. காலையில எழுந்ததும் அதுதான்."

"சரி. நீங்க இன்னா மரியாதை பண்ணணுமோ பண்ணுங்க. ஆனா யாரும் கத்தக் கூடாது. தூங்கறவன் பக்கத்துல கத்துவாங்களா யாராவது?"

"துப்பாக்கிச் சத்தம் வரும்மா. மூணு தடவை வானத்துல சுடணும். அது மரியாதை."

"அது வெடி தானே, போடுங்க. மனுஷன் கத்த வாணாம்."

இப்ப பாருங்க என் கஷ்டத்தை. டெல்லியில என்னோட இருந்த ஆளுங்களா இவங்க? சாதாரண பட்டாலியன் பசங்க, கட்டளை இல்லாம அசைஞ்சு பழக்கமே இல்ல. ஹவில்தாரைக் கூப்பிட்டேன், சித்தூர்க்காரர். "குரல் கிடையாது. நீங்க வலது கோடியில நில்லுங்க. மூச்சை நல்லா சத்தமா இழுங்க. உங்க மூச்சை வச்சு மத்தவங்க செய்யணும்."

"சார், சுடறப்ப?" அவர் முகத்துல பயம். நியாயமான பயம். வேட்டு சிதறிச்சுன்னா இறந்தவனுக்கு அவமானம்.

"சுடறப்பவும் அப்படித்தான். தப்பு ஆச்சுன்னா என் பேர்ல எழுதிக்குவாங்க."

ரெண்டு நிமிஷத்துல எட்டுப் பேருக்கும் சொல்லிக் குடுத்தோம். டெல்லி உஸ்தாத்தை மனசுல நினைச்சுகிட்டேன். வரிசையில நின்னாங்க. கல்லறைத் தோட்டத்துல ஒரு ஈ பறக்கற சத்தம் இல்ல. ஹவில்தார் மூச்சை இழுத்தாரு. எட்டு ஜோடி காலும் ஒண்ணா சேந்துச்சு. இன்னொரு மூச்சு, எட்டுத் துப்பாக்கியும் மேல வந்துச்சு. ஊர் ஜனம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துகிட்டாங்க. பிகில் ஊதி முடிச்சான், நல்லா ஊதினான்.

முதல் வேட்டு கெட்டுப்போச்சு. ரெண்டு பேரு பிந்திட்டாங்க, பட்டாசு மாதிரி படபடன்னு போச்சு. எனக்கு உயிரே போச்சு. கர்னல் பக்கம் திரும்பிப் பாக்கவே இல்ல நான். ரெண்டாவது பரவாயில்ல. மூணாவது ஒரே சத்தம். அந்த மூணாவது வேட்டுக்கு எங்க எல்லாருக்கும் ஒண்ணா மூச்சு வந்துச்சு.

அப்புறமா கட்டளை இல்லாம ஏன் நடத்தினே, முதல் வேட்டு ஏன் சிதறிச்சுன்னு மேல இருந்து கடிதம் வந்துச்சு. பதில் எழுதினேன். கர்னலும் எனக்காக ஒரு பக்கம் எழுதியிருக்காரு. அதோட விட்டாங்க. அதுக்கப்புறம் எங்க ட்யூட்டி போட்டாலும் ஒரு வேலை செஞ்சேன். நீங்களும் செய்யுங்க. ஒத்திகை பாக்கறப்ப ஒருத்தரைக் குடும்பத்துக்காரங்க உக்காரப்போற இடத்துல உக்கார வைங்க. அந்த ஊர்ப் பாஷை பேசறவரா பாத்து உக்கார வைங்க. உங்க சத்தம் அங்க என்னவா கேக்குதுன்னு அவரைக் கேளுங்க. வீட்டுக்காரங்களுக்கு யார் என்ன சொல்லியிருக்காங்கன்னு பாஸ்டரையோ பூசாரியையோ மௌலவியையோ முன்கூட்டியே விசாரிங்க. நான் சொல்லிக் குடுக்கறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு.

இன்னும் ஒண்ணு. அந்தம்மா இப்பவும் நல்லா இருக்காங்க. கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் பஸ் ஏறிப் போறேன். பிரியாணி போடுவாங்க. நான் ஏதாவது பேச ஆரம்பிச்சா, "கத்தாம சாப்புடு தம்பி"ம்பாங்க. மலையாளத்து ஜவானும் லீவுல வந்தா அங்க எட்டிப் பாத்துட்டுத்தான் போவான். இதையெல்லாம் நினைச்சா எனக்கு மனசு நிறைஞ்சு கிடக்கு. ஆனா அன்னைக்கு நடந்ததை இன்னும் முடிக்கல.

வேட்டு முடிஞ்சதும் கொடியை மடிச்சு அந்தம்மா கையில குடுத்தோம். வாங்கி மடியில வச்சுகிட்டாங்க. பாஸ்டர் பைபிளைத் திறந்துட்டாரு. நாலு பேரு கயித்தைப் பிடிச்சுகினு பெட்டியை இறக்கத் தயாரா நிக்கறாங்க. அந்தம்மாவோட இன்னொரு கை மட்டும் பெட்டி மேலயே இருக்கு. எடுக்க மாட்டேங்கறாங்க. எடுங்கம்மான்னு சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்ல.

என்னைப் பாத்தாங்க. "தம்பி, இப்ப சொல்லு."

"என்னம்மா சொல்லணும்?"

"அந்த வார்த்தைதான். அவன் நேரா நிப்பான்னியே. ஒரு தடவை சொல்லு. என் புள்ள நிக்கட்டும்."

நான் தொப்பியைப் போட்டுகிட்டு எழுந்து நின்னேன். டெல்லியில பெரிய பெரிய தலைவருங்க முன்னாடி பிசிறு தட்டாத குரல் எனக்கு. அன்னைக்கு அதை அடிவயித்துல இருந்து எடுக்கல. அங்க நிக்கறவங்களுக்குக் கேக்கற அளவுக்கு மெதுவா சொன்னேன்.

"சாவ்தான்."

எட்டுப் பேரும் நின்னாங்க. கர்னல் நின்னாரு. மலையாளத்து ஜவான் நின்னான். தரையில உக்காந்திருந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தரா எழுந்து நின்னாங்க.

அந்தம்மா பெட்டியையே பாத்துகினு இருந்தாங்க. அப்புறம் மெதுவா தலையை ஆட்டினாங்க.

"ஆமாம்ப்பா. சாவுதான்."

பெட்டி மேல இருந்த கையை எடுத்துட்டு, அருளோட தாய்மாமனைத் திரும்பிப் பாத்து, "இறக்குங்கடா"ன்னாங்க.